குளியலறைக்குப் போகும் வழி

…இன்னும் கதவு திறக்கவில்லை, திறக்கப் போவதாகவும் தெரியவில்லை, சுபஹுத் தொழுகை நேரம் தவறிக் களாவாகிவிட்டது, வெயில் துறைமுகத்தைத் தாண்டி என் முகத்துக்கே வந்துவிட்டது, நானோ கூடத்துச் சாய்மனைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு, மூச்சையும் அடக்கி மற்றதையும் அடக்கிக்கொண்டு இருக்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டின் ஒரே குளியலறை ஒரே படுக்கையறைக்கு உள்ளே இருக்கிறது, படுக்கையறைக்குள் நேற்றுக் கலியாணமான என் மகள் றஹ்மாவும் மாப்பிள்ளை மஹ்ரூபும்… தட்டலாமா? மாமனார் தட்டுகிற கதவா அது? இருமிப் பார்த்தேன், இருமினால் வயிற்றில் இன்னும் முட்டுகிறது. எல்லாம் என் புத்தி. வெள்ளைக்காரக் கப்பற்படை அதிகாரிகள் இருந்த கட்டடம், பளிங்குத் தரை, மணியை அழுத்தினால் தேநீர், வாசலில் தலைப்பாகைக் காவலாளி என்றதும் கிண்ணியாவில் இருந்த கல்வீட்டை விற்றுவிட்டு ஓடிவந்தேன். என் பெண்சாதி மைமூனா அன்றைக்கே கேட்டாள், பொம்பிளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றை அறை வீடா, மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டாமா என்று. எங்கள் ஊரில் ஓலைவீட்டுக்காரன்கூட மகளுக்கு வீட்டைக் கொடுக்குமுன் தான் ஒதுங்க ஒரு சாய்ப்பு இறக்கிவிடுவான், நானோ பளிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன். நேற்றுப் பின்னேரம் அவள் தங்கச்சி வீட்டுக்குத் தோணி ஏறும்போது என்னையும் கூப்பிட்டாள், மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்று, இனி நமக்கென்ன வேலை அங்கே என்றாள். சீனித் தட்டுப்பாட்டிலும் இனிப்புத் தேநீர் வருகிற இடத்தை விட்டு எவன் போவான்?

கீழே வேலையாட்களின் கக்கூஸ் இருக்கிறது, ஆனால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு முன்படியில் இறங்கக்கூடாது, வெள்ளைக்காரன் போட்ட சட்டம், அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவனும் நான்தான். காற்சட்டை எங்கே? அலுமாரியில். அலுமாரி எங்கே? வேறெங்கே இருக்கும், அறைக்குள்தான்… உள்ளே யாரோ மணியை அழுத்துகிறார்கள், அல்லாஹ், தேநீர் வரப்போகிறது. வந்தேவிட்டது. பரிசாரகர் தங்கத்துரை தட்டோடு நின்று, “ஐயாவுக்கும் ஒண்டு கொண்டுவந்தனான், சூடாறமுந்திக் குடியுங்கோ” என்கிறார். நான் கோப்பையைப் பார்த்தேன், பார்த்த மாத்திரத்திலேயே தொடையை இறுக்கிக்கொண்டேன். அவர் போய், சிறிதும் யோசிக்காமல், படுக்கையறைக் கதவைத் தட்டினார். சம்பளத்துக்கு நிற்பவர் தட்டுகிறார், வீட்டை வாங்கிக் கொடுத்தவன் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

கதவு திறந்தது. மஹ்ரூப் தலை கலைந்து நின்றான், நல்ல பிள்ளை, என்னைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டான். ஏதாவது கௌரவமாகச் சொல்ல வாயெடுத்தேன், வாயிலிருந்து வந்தது, “வரலாமா மகன்?” அவன் பதறிப்போய் ஒதுங்கி வழிவிட்டான். “என்ன மாமா கேள்வி இது, கூச்சப்படாம வாங்க, இது உங்கட வீடு மாதிரித்தானே.” மாதிரியா… நின்று யோசிக்க எனக்கு நேரமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலைத் தாண்டி ஓடினேன், தாழ்ப்பாளைப் போட்டேன், அல்ஹம்துலில்லாஹ், உலகத்தில் இவ்வளவு சுகமும் இருக்கிறதா? சரி, முகமும் கழுவியாயிற்று. கண்ணாடியில் ஒரு விருந்தாளி தெரிகிறான், பாவமாகத்தான் இருக்கிறது அவனைப் பார்க்க. வெளியே கோப்பைச் சத்தம், றஹ்மா மெதுவாகச் சிரிக்கிறாள், அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை, பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம். என்னை மறந்துவிட்டார்களா? இனி நான் எப்படி வெளியே வருவது, உள்ளே இருந்தா தட்டுவது?