மூன்று புள்ளியில் ஒரு வீரன்

லோஷினி இணையத்தில் எழுதிவரும் மாயாஜாலத் தொடரில் எல்லோர் தலைக்கு மேலும் உயிர்ப்புள்ளி மிதக்கும். நாயகன் மாறவேலுக்கு நூறு. வெட்டுப்பட்டால் குறையும், மூலிகை தின்றால் ஏறும். கணினி விளையாட்டிலிருந்து அப்படியே தூக்கி வந்த சரக்குதான். வாசகர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அதைப் புத்தகமாகப் போட முன்வந்த விஜிதா மட்டும் போனில் மடக்கினாள்.

"மூணு புள்ளியில இருக்கிறவன் நூறுல இருந்த மாதிரியே கத்தி சுத்துறானே, எப்படி?"

"பூஜ்யம் ஆகுற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அதான் ரூல்."

"கேம்ல சரி லா. கதையில அவனுக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கில்ல? அதை எழுதிக் குடுங்க, அச்சுக்குப் போலாம்."

லோஷினிக்கு எரிச்சலாக வந்தது. மூன்று புள்ளி மனிதனை, தான் குடியிருக்கும் இந்த ஸ்கூடாய் ஊரில் எங்கே போய்த் தேடுவது?

கணவன் ரூபேந்திரன் அன்றாடம் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் வருபவன். தொடர் ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். அவன் உள்ளே நுழையும்போது "எவ்ளோ மிச்சம்?" என்பாள். "எண்பது" என்பான். அந்த எண்பதை நம்பித்தான், வருகிற வாரத்திலிருந்து அவன் சனிக்கிழமையும் ஓவர்டைம் போவதற்கு அவள் தலையாட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் கேட்காமல் வேடிக்கை பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியவன் அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தான். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்காமல் ஒரு கால் சப்பாத்தை மற்றக் காலால் நெம்பிக் கழற்றினான். மைலோவை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

எழுதுகிறவர்களின் புத்தி எவ்வளவு கேடுகெட்டது பாருங்கள், அவளுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாறவேலைக் கேடயத்தை மடியில் வைத்து உட்காரச் செய்து, ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். "இதுதான் வேணும். இனி நம்பரே போட வேணாம்" என்று விஜிதாவிடமிருந்து பதில் வந்தது.

மறுநாள் அவனிடம் படிக்கக் கொடுத்தாள். படித்து முடித்தவன் மறுபடியும் மேலே போய்ப் படித்தான்.

"இவனுக்கு எத்தனை?"

"மூணு."

"அஞ்சாச்சும் போடு லா." அவன் சிரிக்கவில்லை.

லோஷினி அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப தினமும் எண்பதுன்னு சொன்னது?"

"நான்தான் விழலையே. உன் கதையில விழுற வரைக்கும் எல்லாம் ஒண்ணுதானே?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் போகிற போக்கில் எழுதி வைத்த விதியை ஒருவன் உடம்பால் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப சனிக்கிழமை வரலன்னு சொல்லிடவா?" என்று அனுமதி கேட்டான்.