வெள்ளிக்கிழமை ஆட்டம்

"ஹியூபேட், தயவுசெய்து வந்து இருங்கோ. எங்கட ஆக்கள் எல்லாம் பாக்கினம்."

"இன்னும் ஒரு பாட்டு, சாமினி. மேபல் அன்ரி கையை விடுறா இல்லை."

"எனக்கு வெக்கமா இருக்கு."

இருபத்தாறு வருசத்துக்கு முன், கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடந்த தங்கள் கல்யாண விருந்தில் பேசியது இது. சாமினிக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. மேபல் அன்ரி முதலான ஹியூபேட் வீட்டு ஆட்களுக்குக் கேக் வெட்டியதும் ஆட்டம் தொடங்கிவிட வேண்டும். அதற்காகவே அவர் பட்டியல் எழுதிக் கொடுத்து, ரெக்கோடிங் கடையில் ஒரு கசெற் நிறைய அந்தக் காலத்து டிஸ்கோப் பாட்டுகளைப் பதிந்து வைத்திருந்தார். வெள்ளவத்தையிலிருந்து போன இவளுடைய ஆட்களோ கதிரையை விட்டு அசையாமல், மாப்பிள்ளை இடுப்பை ஆட்டுவதை வாய் பிளந்து பார்த்தார்கள். அவள் சொன்னதும் அவர் வந்து கதிரையில் இருந்துவிட்டார். அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் ஆட எழும்பியதில்லை.

அதைவிட வெட்கமான விசயம் ஒன்று உண்டு. அவரை அவளுக்குப் பிடித்துப்போனதே அந்த ஆட்டத்தால்தான். இருவரும் வேலை செய்த பம்பலப்பிட்டிக் கந்தோரில் நத்தார் பண்டிகைக்கு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு அவர் ஆடியதைப் பார்த்து இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் கிடந்தவள் அவள். அன்று அவர் கை நீட்டிக் கூப்பிட்டபோது, ஆடத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தலையிடி என்று பொய் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அவள் கோயிலுக்குப் போவாள். திரும்பி வரும்போது ஹியூபேட் புதுச் சேட் மாற்றி, தேத்தண்ணி போட்டு வைத்து, வாய் ஓயாமல் கதைப்பார். அந்தச் சந்தோசம் சனிக்கிழமையும் நீளும். தான் வீட்டில் இல்லாததுதான் அதற்குக் காரணம் என்று நினைத்து அவள் மனம் நொந்ததும் உண்டு.

இந்த வெள்ளி, காலி வீதியை எட்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கத் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். பொழுது படமுன்பே யன்னல் சீலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. குளிர்பெட்டிக்கு மேல் வைத்த ஃபோனில் பழைய டிஸ்கோப் பாட்டு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. முழங்காலில் பட்டி கட்டிய ஐம்பத்துநாலு வயது மனுசன், கண்ணை மூடி, வியர்வை வழிய ஆடிக்கொண்டிருந்தார். உடுத்திருந்த சீலைக்குள் அவளுடைய கால் விரல்களும் தாளம் போட்டன.

அவளைக் கண்டதும் அவர் பாய்ந்து போய்ப் பாட்டை நிற்பாட்டினார்.

"சொறி, சாமினி. யன்னல் எல்லாம் மூடித்தான் விட்டனான். கஜன் அண்ணை வீட்டுக்குத் தெரிஞ்சிருக்காது."

எதிர் ஃபிளாட்டில் இருப்பது அவளுடைய தமையன் கஜேந்திரன். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், பதினொரு வருசமாக, வெள்ளியில் மட்டும்தான் என்றார். பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நின்றார். ஆடினால் உடம்பு பஞ்சாகிவிடும், வேலைக் கவலையெல்லாம் போய்விடும் என்று மெல்லச் சொல்லிவிட்டு, அதற்கும் ஒருதரம் மன்னிப்புக் கேட்டார்.

அவளுக்கு முகம் எரிந்தது. சொந்த வீட்டுக்குள் ஒரு மனுசனை ஒளிந்து சந்தோசப்பட வைத்திருக்கிறோமே என்று நினைக்க, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கோயிலுக்குச் சுணங்கப் போகுது உமக்கு," என்று அவர் குடையை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை.

"அண்டைக்குக் கந்தோரில எனக்குத் தலையிடி இல்லை, ஹியூபேட். ஆடத் தெரியாது, அவ்வளவுதான்." கதவைச் சாத்தினாள். "எனக்கு ஆடப் பழக்கி விடுவீங்களே?"