முதல் விலை

"அத்தா, பஞ்சு பத்தல."

துணித் திரைக்கு அப்பாலிருந்து மகள் ஃபைஸாவின் குரல் மட்டும் வந்தது. இது மூன்றாவது தடவை. ஷஃபியுல்லா இன்னொரு பஞ்சுக்கட்டைத் திரைக்கு அடியில் நீட்டினார். இறந்துபோன அவர் மனைவி சைதூனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் கை வந்து வாங்கிக்கொண்டது.

ஒரு மய்யித்துக்கு இவ்வளவு பஞ்சு ஆகாது என்று வாசலில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். "சின்னக் கட்டிதான்" என்று ஒன்றரை வருஷமாகத் திருப்போரூர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவந்தவர் அவர். இப்போது உள்ளே ஐந்து பெண்கள் உடைந்து கசிந்த அந்தச் சின்னக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பண்றது பாய்." பக்கத்துப் பாத்திரக்கடை கண்ணாயிரம் அவர் தோளைத் தொட்டார். "மூணு எடத்துல காட்டுன. எவன் காட்டுவான்? பொண்டாட்டிய ஒன்ன மாதிரி தாங்குனவன் இந்தக் கடத்தெருவுலயே கெடயாது."

ஷஃபியுல்லா தரையைப் பார்த்தார். மூன்று இடத்தில் காட்டியது நிஜம்தான்.

முப்பது வருஷம் ஜவுளி விற்றவர். முதலில் சொல்லும் விலை விலையே அல்ல என்பது அவருக்குத் தெரியும். கடையை விட்டு இறங்கினால் கடைக்காரன் பின்னாலேயே கூப்பிட்டு இறக்கித் தருவான். முதலில் காட்டிய மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது. இந்த வாரமே சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். புற்றுன்னாலும் இப்போ சரி பண்ணிடலாம்" என்றபோது, அவர் காதில் அது முதல் விலையாகத்தான் விழுந்தது. சைதூனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"திரும்பிப் பாக்காத. கூப்புடுவாங்க பாரு."

"நான் இன்னா பொடவையா?" என்று சிரித்தாள் சைதூன். இரண்டு படி இறங்கி நின்றாள். "இன்னொரு வாட்டி கேட்டுனு போலாமே."

கூப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து நர்ஸ் ஃபோன் செய்தாள். "அம்மா டெஸ்டுக்கு வரலியே சார்?" பத்து நாளில் மறுபடியும். மூன்றாவது அழைப்பில் ஃபோனைப் பாதியிலேயே வைத்துவிட்டு, "தொரத்தித் தொரத்திக் கூப்புட்டா சரக்கு போணியாவலன்னு அர்த்தம்" என்றார் சைதூனிடம்.

இரண்டாவது டாக்டர் கொஞ்சம் இறங்கினார். ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது ஆள் டாக்டரே இல்லை, நெம்மேலிப் பக்கம் பச்சிலைப் பத்துப் போடுகிறவர். "கொழுப்புக் கட்டி. தானா கரஞ்சிடும்."

அங்கேதான் பேரம் படிந்தது. புற்றைக் கொழுப்பு வரைக்கும் இறக்கிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு மாமல்லபுரம் கடற்கரையில் அவளுக்கு மீன் வறுவல் வாங்கித் தந்தார். காற்றில் முக்காடு நழுவியது. இடது கையைத் தூக்க முடியாமல், எண்ணெய் படாத வலது புறங்கையால் அதை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் பார்த்தார். பார்க்காததுபோல் இன்னொரு தட்டு சொன்னார்.

"முடிஞ்சிது அத்தா." ஃபைஸா ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அந்த நர்சம்மா நம்பரு இன்னும் கீதா ஒங்க ஃபோன்ல?"

"கீது."

"அவங்களுக்கும் சொல்லிடுங்க."

அவர் சட்டைப்பையைத் தொட்டார். ஃபோனை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து துஆ ஓதியதும் கூட்டம் கலைந்தது. ஷஃபியுல்லா மண்மேட்டிலிருந்து இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. ஓர் அடி வைத்தார். நின்று இன்னோர் அடி. முகம் கபர்ஸ்தான் கேட்டைப் பார்த்திருந்தது. காது மட்டும் பின்னால் இருந்தது.

"இன்னா பாய், எதுனா வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார் கண்ணாயிரம்.

"இல்ல."

கேட் வரைக்கும் அப்படித்தான் நடந்தார்.