ஓதி ஊதிய மூச்சு

சஃபீனாவின் வயிற்றில் குழாய் வைத்த நாளிலிருந்து, தாராவியில் அந்த ஒற்றை அறை வீட்டின் சண்டையெல்லாம் கதவை மூடுவது பற்றித்தான்.

சிறுநீரகம் கெட்டவளுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ். வயிற்றில் தேங்கிய பழைய நீரை வடித்துவிட்டு, பையிலிருந்து புதிய மருந்து நீரை ஏற்ற வேண்டும். பையை மாட்டும் சிறு நேரத்தில் குழாயின் முனை திறந்திருக்கும். நர்ஸ் கோகிலவாணி பயிற்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: கதவை மூடு, ஃபேனை நிறுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடை, அறையில் யார் இருந்தாலும் மாஸ்க் போடட்டும். கிருமி உள்ளே போனால் குழாயையே எடுக்க வேண்டிவரும்.

குழாய் போனால் என்ன ஆகும் என்று சஃபீனாவுக்குத் தெரியும். இது சரிப்படாவிட்டால் இவளை மேலப்பாளையத்துக்கு, உம்மா வீட்டுக்கே அனுப்பிவிடு என்று மாமியார் நூர் நிஷா மகனிடம் சொல்லியிருந்தாள். டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைய இங்கே ஆள் இல்லையாம். தோல் பை தைக்கும் கணவன் காலித் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தாயிடமும் கண்டிப்பாகத்தான் இருந்தான். பை மாற்றும்போது உள்ளே போனால் உல்லாஸ்நகரில் தம்பி வீட்டில் கொண்டு விட்டுவிடுவேன் என்றான். அங்கே மருமகள் கிழவியைப் பட்டினி போடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஒவ்வொரு தடவையும் நூர் நிஷா சந்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கம் கேட்கப் பேசுவாள்.

"மகாராணி உள்ள இருக்காவ. நாமதான் சீக்கு புடிச்சவ, வெளிய கெடக்கணும்."

ஒரு மாலை மஃரிப் தொழுத கையோடு, ஆட்டம் கண்ட தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். சஃபீனாவின் கையில் முனை திறந்திருந்தது.

"மாமி, மாஸ்க் போடாம வராதீங்க."

"ஏளா, என் மூச்சு பட்டா செத்தா போயிருவ? ஓதிட்டு வந்துருக்கேன். எந்த டாக்டரும் தராத ஷிஃபா."

காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் குணமாக ஓதி ஊதுவதுபோல், குனிந்து அந்த முனையிலேயே ஊதினாள்.

முனையில் எதுவும் பட்டால் மாட்டாதே, உடனே போன் செய் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். போன் செய்தால் விஷயம் காலித்துக்குப் போகும். கிழவி இரு கையையும் ஏந்தி இவளுக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். சஃபீனா பையை மாட்டினாள்.

பிறகு வடிந்த நீர் கஞ்சித் தண்ணீராகக் கலங்கி வந்தது. தொட்டால் அலறும்படி வயிறு வலித்தது. மருந்துக்கும் கேட்கவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள்.

வார்டில், காலித்தையும் நூர் நிஷாவையும் வைத்துக்கொண்டே, கிருமி எப்படிப் போனது என்று கோகிலவாணி கேட்டாள். வேறு யாராவது குறுக்கே வந்திருந்தால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, குணமானதும் மறுபடி குழாய் வைக்கலாம். நோயாளியே அசட்டையாக இருந்தால் டாக்டர் ஒப்பமாட்டார். நூர் நிஷாவின் விரலில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுபோனது.

"நாந்தான் சிஸ்டர். அவசரத்துல கை கழுவல" என்றாள் சஃபீனா.

அந்தப் பொய்யை அல்லாஹ் நன்மை, பாவம் இரண்டில் எந்தப் பக்கம் எழுதினான் என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒரு கிழவியின் சோறு தப்பியது. அது மட்டும் தெரியும்.

கோகிலவாணி அதை ஃபைலில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். மணி மறுபடி உருண்டது.

"கேட்டியாலே? கையக் கழுவக்கூட வணங்கல இவளுக்கு. ஊருக்கு டிக்கெட் போடு."

சஃபீனா மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இவள் பக்கம் திரும்பவில்லை. காலித் போனை எடுத்து, எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டான். அப்போதும் சஃபீனா தான் சொன்னதை மாற்றவில்லை.