முப்பத்தொன்றாம் டோக்கன்

நான்காம் நாள் காலையில் சரசுவின் டெங்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதுதான் சொர்ணத்துக்குப் பயமாக இருந்தது. தெர்மாமீட்டரைத் துடைத்து இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டுக்கும் கீழே. மற்ற காய்ச்சல் இறங்கினால் ஆள் தேறிவிட்டாள் என்று காப்பி குடிக்கப் போகலாம். டெங்கு மட்டும் இறங்கிய பிறகுதான் தன் வேலையைக் காட்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சரசுவுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வருவதாகத் தான் வேலை செய்கிற மல்லேஸ்வரத்து வீட்டுக்குப் போன்கூடப் பண்ணிவிட்டாளாம்.

ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்தில் சொர்ணத்துக்கு ஊசியக்கா என்று பெயர். டெங்குவுக்கு ஒரு புதுத் தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கிற ஆராய்ச்சிக் குழுவில் அவள் களப்பணியாளர். வீடு வீடாகப் போய் விளக்கி, ஆள் சேர்த்து, பிறகு வாரம் தவறாமல் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டு எழுத வேண்டும். அந்தச் சந்தில் மட்டும் நாற்பது பேரைச் சேர்த்திருந்தாள். அவர்களுக்கு இரண்டாவது ஊசி போட்டு ஐந்து மாதம் ஆகிறது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது போனது என்று அவளுக்கும் தெரியாது, போட்ட நர்சுக்கும் தெரியாது. ஒரே ஒரு விதிதான் ரொம்பக் கறார். முன்பே ஒரு தடவையாவது டெங்கு வந்து போனவர்களுக்குத்தான் ஊசி. வராத உடம்பில் இந்த மருந்து இறங்கினால், அடுத்து வருகிற டெங்கு இரண்டு மடங்கு மூர்க்கமாக அடிக்கக்கூடும் என்று டாக்டர்கள் பயந்தார்கள். அதற்காகவே முதலில் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள்.

“வயிறு வலிக்குதா?”

“லேசாதான். ராத்திரி ரசஞ்சோறு ஒத்துக்கல போல.”

“ரெண்டாந்தபா டெங்கு சரசு. ஜாக்கிரதையா இருக்கணும். நாளைக்கு வேலைக்கெல்லாம் போவாத.”

சரசு சிரித்தாள். “எனக்கு எப்பக்கா மொத தபா வந்துது? இதான் மொதலு.”

“ரத்தத்துல காட்டுச்சே. சில பேருக்கு வந்ததே தெரியாம போயிடும்.”

“அது லட்சுமம்மா ரத்தம்க்கா.”

எதையும் மறைக்கிற குரல் இல்லை அது. பள்ளிக்கூட ஹாலில் ரத்தம் எடுத்த அன்று வரிசை வாசல்வரை நின்றதாம். ஒன்பது மணிக்கு மல்லேஸ்வரத்தில் இருக்க வேண்டும். அதனால் சரசு தன் முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனைப் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே இரண்டு மேசை. லட்சுமம்மா ஒரு மேசையில் தன் டோக்கனுக்கு இடது கையையும், இன்னொன்றில் சரசுவின் டோக்கனுக்கு வலது கையையும் நீட்டியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் டெங்குவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் லட்சுமம்மா.

“ரேஷனுக்கு நிக்கல? கேஸுக்கு நிக்கல? அவ எனக்கு நிப்பா, நான் அவளுக்கு நிப்பேன். உன்கிட்ட மூஞ்சி காட்டி, கார்டு காட்டிட்டுத்தானக்கா போனேன்.”

காட்டினாள்தான். கூடவே சொர்ணத்துக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சரசு பின்கேட் வழியாக வெளியே போனதை அவள் பார்த்திருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். மதியத்துக்குள் எல்லாப் படிவமும் முடிந்தாக வேண்டும் என்று மேற்பார்வையாளர் டேரில் சார் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போகிறாளாக்கும் என்று நினைத்து, ஆள் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில் கையெழுத்தை இழுத்துவிட்டாள்.

இப்போது என்ன கெட்டுப்போயிற்று என்று மனசு மெல்ல வக்காலத்து வாங்கியது. டெங்கு டெங்குதானே, ஆஸ்பத்திரியில் எப்படியும் டிரிப்ஸ்தான் ஏற்றுவார்கள். ரத்தம் யாருடையது என்று எவன் கேட்கப்போகிறான். சொன்னால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, சந்தில் தலைகாட்ட முடியாது; என்ன இழவு மருந்தைடி எங்களுக்குக் குத்தினாய் என்று கேட்பார்கள். சரசுவுக்குப் போனது உப்புத்தண்ணீராக இருக்க வேண்டுமே என்று இல்லாத சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

சரசு வாய் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினாள். துப்பியது சிவப்பாக இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“வெத்தலகூட போடலயே நானு” என்றாள் சரசு.

சொர்ணம் அதற்குமேல் யோசிக்கவில்லை. ஆராய்ச்சிக் குழுவின் டாக்டர் நிருபமாவுக்குப் போன் போட்டு, பின்கேட் உட்பட எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நிருபமா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“உடனே ஆட்டோ புடிச்சு அனுப்புங்க. நான் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கறேன். அவங்க சீல் கவரைப் பிரிக்கச் சொல்றேன், என்ன ஊசி போச்சுன்னு தெரிஞ்சாகணும்.” பிறகு கேட்டார். “சொர்ணம், அன்னிக்கு இவங்க ஒருத்தர்தான் இப்படி ஆள் மாத்தினாங்களா?”

“தெரியாது டாக்டர்” என்றாள் சொர்ணம்.

“இப்பவே கேட்டுட்டு வாங்க.”

சரசுவின் புருஷன் நாகேஷ் ஆட்டோவோடு வந்தான். நறுக்கிய பீன்ஸை மூடி வைக்கச் சொல்லிவிட்டுச் சரசு ஏறினாள். வண்டி திரும்பும்போது தலையை அவன் தோளில் சாய்த்திருந்தாள். அவள் அப்படியெல்லாம் சாய்கிறவள் இல்லை.

சந்து முனையில் தண்ணீர் வரும் நேரம். குழாயிலிருந்து முருகன் கோயில் சுவர்வரை பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. நிற்கிற பெண்கள் ஐந்து பேர். சொர்ணம் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஸ்கூல்ல ரத்தம் எடுத்தாங்களே, அன்னிக்கு வேற யாருக்காவது பதிலா நின்னீங்களா?”

இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் ஐந்து பேரும் பார்த்தார்கள். பிறகு லட்சுமம்மா கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் தூக்கினாள். ஒருத்தி இரண்டு விரலைக் காட்டினாள். பேர்களை அவர்கள் சொல்லச் சொல்லச் சொர்ணம் எழுதினாள்.

“அந்தப் பச்சக் கொடத்துக்கு ஆளக் காணோமே, யாரோடது?” என்று கேட்டாள் சொர்ணம்.

“வீணாவோடது” என்றாள் லட்சுமம்மா. “அன்னிக்கும் அவளுக்கு நாங்கதான் நின்னோம். பாவம், நேத்துலேருந்து ஜுரம்னு சுருண்டு படுத்திருக்கா. அதான் கொடத்த வாங்கியாந்தேன்.”

சொல்லிவிட்டு, வீணாவின் குடத்தைக் காலால் நகர்த்திக் குழாய்க்கடியில் வைத்தாள். குழாய் வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை.