மைனஸ் நான்கு டன்

சிமெண்ட் கிடங்கின் எடை மேடையில் டிரைவரின் எடை மைனஸ் நான்கு டன் என்று பதிவானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. எடை எழுதும் பெண் முதலில் மேடையைத்தான் சந்தேகப்பட்டாள். மெக்கானிக் வந்து சோதனைக் கற்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, மேடையில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். காலி மின்சார லாரி பதினெட்டு டன். டிரைவர் ஏறி உட்கார்ந்தால் பதினான்கு. இறங்கினால் மறுபடி பதினெட்டு. "அண்ணே, இன்னொரு தடவை ஏறுங்க," என்றாள். ஏறினார். "இறங்குங்க." இறங்கினார். ஏழாவது தடவை, "ஏம்மா, முட்டி வலிக்குது. என்ன காட்டுதோ அதையே எழுதிக்கோ," என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த லாரி வெள்ளோட்டத்துக்காக வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், அல்லது திருப்பி அனுப்பலாம் என்பது பேச்சு. வழியில் நின்றுவிடும் என்று முதலாளி பயந்தார். முதல் வாரம் முழுக்க அதன் பின்னாலேயே ஒரு டீசல் லாரியைக் கயிற்றோடு அனுப்பினார். கிடங்கிலிருந்து துறைமுகம் நூற்று நாற்பது கிலோமீட்டர். அங்கே மூட்டை இறக்க எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மின்சாரம் ஏற்றிக்கொண்டு லாரி திரும்பி வந்தது. கயிறு கட்டு பிரிக்காமலே வந்தது. பிரச்சினை தூரத்தில் இல்லை, எடையில் இருந்தது. லாரியும் பாரமும் சேர்ந்து நாற்பது டன்னைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். டீசல் லாரி பதினான்கு டன், அதில் ஐந்நூற்று இருபது மூட்டை ஏறும். இதுவோ பேட்டரியோடு பதினெட்டு டன், நானூற்று நாற்பதுதான் ஏறும். டீசலில் பதினொரு நடையில் முடிகிற வேலைக்கு இதில் பதிமூன்று நடை. முதலாளி இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டு, "பேட்டரிக்கு ஊரைச் சுத்திக் காட்டவா நான் லாரி ஓட்டுறேன்?" என்றார். மாதம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவதாக முடிவு.

டிரைவருக்கு அது சாதாரண முடிவு இல்லை. இருபத்திரண்டு வருடம் டீசல் என்ஜின் மேல் உட்கார்ந்ததில் அவருடைய வலது காது போய்விட்டது. இன்னும் ஒரு வருடம் அந்த இரைச்சலில் இருந்தால் இடதும் போகும் என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு வேறு வேலை தெரியாது. மனைவிக்கு இயற்கையிலேயே மெல்லிய குரல். கணவனுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தி, தெருவில் சண்டைக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அவள் கத்தியதெல்லாம் "சாப்பிட வர்றீங்களா?", "துண்டு கொடியில இருக்கு!" போன்ற விஷயங்கள்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வண்டியை எடுக்கும்போது அவள் ஜன்னலோரம் வந்து, பழக்கத்தை மறந்து, தனக்குத்தானே பேசுவதுபோல, "மெதுவாப் போங்க" என்றாள். வண்டி ஓடத் தயாராக நின்றிருந்தது. இரைச்சல் இல்லாததால் அவருக்கு அது கேட்டது. "சரி" என்றார். அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கிடங்குக்கு வந்து மேடையில் ஏறினார்.

கல்லூரியிலிருந்து இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். மருந்துக்கடைத் தராசில் டிரைவர் எழுபத்தொரு கிலோ. டீசல் லாரியில் ஏறினாலும் எழுபத்தொன்று. மின்சார லாரியில் மட்டும் மைனஸ் நான்கு டன். பேராசிரியர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, வீட்டு மதிலுக்கு இரண்டு மூட்டை சிமெண்ட் குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். முதலாளி ஐந்நூற்று இருபது மூட்டை ஏற்றச் சொன்னார்.

அப்படி ஏற்றத் தொடங்கிய இரண்டாம் நாள் துறைமுகச் சாலைச் சோதனைச் சாவடியில் லாரியை மேடையில் ஏற்றினார்கள். அங்கே டிரைவர் ஒரு தவறு செய்தார். சாவடியைக் கண்டால், கூப்பிடுவதற்கு முன்பே கதவைத் திறந்து காகிதங்களோடு குதித்து நிற்பது டீசல் காலத்து மரியாதை. குதித்து நின்றார். மேடை நாற்பத்து நான்கு டன் காட்டியது. "நாலு டன் ஓவர்," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டியை ஓரமாப் போடு." வண்டி பிடிபட்டால் வெள்ளோட்டம் அன்றோடு முடிந்தது, மறுநாளே டீசல் லாரிதான் என்று டிரைவருக்குத் தெரியும். "சார், நான் ஏறி உட்கார்ந்தா குறையும் சார்," என்றார். இன்ஸ்பெக்டர் இருபது வருடத்தில் கேட்காத சாக்கு அது. இருந்தாலும் சட்டப் புத்தகத்தில், எடை போடும்போது டிரைவர் இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் காலத்து டிரைவர்கள் நூறு கிலோ மிச்சம் பிடிக்க, ஜாக்கியையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு இறங்கி நின்றதால் வந்த விதி அது. "சரி, ஏறு," என்றார்.

டிரைவர் ஏறினார். மேடை நாற்பத்து மூன்று டன் எண்ணூறு காட்டியது. பயந்துபோயிருந்தார். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். எண் நாற்பத்து மூன்று டன் தொள்ளாயிரத்துக்கு ஏறியது.

இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே வந்து, லைசென்ஸைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் சார்."

"எனக்கு இருபது." தொண்டையைத் தடவிக்கொண்டார். "டாக்டர் சத்தமாப் பேசக் கூடாதுன்னுட்டார். லாரிக்காரங்ககிட்ட எப்படிய்யா மெதுவாப் பேசுறது?"

"இப்ப மெதுவாத்தானே சார் பேசுறீங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். வண்டியை அணைக்கவே இல்லை. விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுற்றியது. இருவரும் பேங்க் வரிசையில் நிற்பவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் குரல் கேட்குதா?" என்றார், இன்னும் தாழ்த்தி.

"கேட்குது சார். ஒரு காதுதான். ஆனா நல்லாக் கேட்குது."

"இப்ப?" இது கிட்டத்தட்ட மூச்சுதான்.

"இப்பவும்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். டிரைவரும் சிரித்துவிட்டார். சாவடிக் கணக்கர் உள்ளேயிருந்து கத்தினார்: "சார், நாற்பத்தொண்ணு! சார், நாற்பது!" எண் முப்பத்தொன்பது டன் தொள்ளாயிரத்து எண்பதில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "பாரம் இருக்கும்போது எங்கேயும் இறங்காதீங்க," என்றார். அதிகாரியாகவும் சொன்னார், அண்ணனாகவும் சொன்னார்.

முதலாளி அந்த லாரியை வாங்கினார். அடுத்த வருடம் இன்னும் ஆறு வாங்கினார். ஆறு டிரைவர்களையும் ஏற்றி எடை பார்த்ததில் ஒருவர் மைனஸ் மூன்று டன், இரண்டு பேர் மைனஸ் மூன்றரை, பாக்கிப் பேர் அக்கம்பக்கம். ஹாரன் என்று பெயர் பெற்ற ஒருவர் மட்டும் ப்ளஸ் அறுபத்தெட்டு கிலோவாகவே இருந்தார். அவருக்கு டீசல் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வரும். அவரை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வடக்குச் சந்தைக்கு டீசல் லாரியிலேயே அனுப்பினார்கள். அந்த வழியில் மின்சாரம் ஏற்ற இடமும் இல்லை, நின்று ஏற்ற நேரமும் இல்லை. அவர் சந்தோஷமாகப் போய் வந்தார். கொஞ்ச வருடத்தில் பேட்டரிகளின் எடை குறைந்தது. சட்டமும் மின்சார லாரிகளுக்கு இரண்டு டன் கூட்டிக் கொடுத்தது. டிரைவர்கள் லேசாக இருக்க வேண்டிய அவசியம் போனது. அவர்கள் லேசாகவே இருந்தார்கள்.

மூன்றாம் வருடக் கடைசியில் டிரைவர் காது டாக்டரிடம் போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, அரை மணி நேரம் சோதித்தார்கள். இடது காது மூன்று வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, இனி கவலையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் அந்தக் காகிதத்தை வீட்டில் ஒரு தடவையும் பேருந்தில் இரண்டு தடவையும் படித்துவிட்டு, மறுநாள் காலை மேடையில் ஏறினார். மைனஸ் நான்கு டன் இருநூறு கிலோ. எடை எழுதும் பெண் அதை எழுதிக்கொண்டு, நான்கு மூட்டை கூடுதலாக ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள்.