நூற்று முப்பத்தொன்று

கேப்டனுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ஜோசியர். கணக்குப் போடும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாராம். வெறும் கேலி என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன்.

புறப்படும் முன் விமானிகள் இருவரும் அவரவர் டேப்லெட்டில், ஒருவர் திரையை மற்றவர் பார்க்காமல் மூன்று வேகங்களைக் கணக்கிட வேண்டும். ஓட்டத்தை நிறுத்த முடிகிற கடைசி வேகம், மூக்கைத் தூக்கும் வேகம், பத்திரமாக மேலேறும் வேகம். எடை, காற்று, வெப்பம், ஓடுபாதையின் ஈரம் எல்லாம் அதில் சேரும். கேப்டன் முதலில் வாசிப்பார். துணை விமானி சரிபார்ப்பாள். அது நான். சேர்ந்து நான்கு மாதம்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஜோசியர் காபிக் கோப்பையும் கையுமாக, எடைத்தாளைக் கொண்டுவந்த சரக்குப் பொறுப்பாளரை வம்புக்கு இழுத்தார்.

“என்னய்யா, ஊரையே ஏத்திட்டியா?”

“ஒரு சீட்டு காலியில்ல சார். பெட்டியெல்லாம் கல்லு மாதிரி கனம்.”

அவர் இறங்கியதும் ஜோசியர் என் பக்கம் திரும்பினார். “நீயே முதல்ல சொல்லும்மா.”

“நூத்தி இருபத்தி நாலு, நூத்தி முப்பத்தொண்ணு, நூத்தி முப்பத்தாறு.”

“அச்சு அசல் அதேதான்.”

அவர் டேப்லெட்டைத் தொட்டதாகவே எனக்கு நினைவில்லை. அதன் திரை சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கேட்க வாய் வரவில்லை.

விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்தது. எனக்குள் ஏதோ உறுத்தியது. நேற்று இதே விமானம் பாதி காலியாக இருந்தது. மூக்கைத் தூக்கியது நூற்று முப்பத்து மூன்றில். இன்று நிறைய ஆள். வேகம் அதைவிடக் குறைவு. மழையாலா? ஈரம் முதல் வேகத்தைத்தான் குறைக்கும். இரண்டாவதை அல்ல.

அதுவரை அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள் என் திரையைப் பார்த்தேன். பிறகு எடைத்தாளை. அதில் இரண்டு எடைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே எரிபொருள் சேராதது, கீழே சேர்ந்தது. நான் மேலே இருந்ததைப் போட்டிருந்தேன். பதினோரு டன் எரிபொருள் என் கணக்கிலேயே இல்லை. அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால் வால் தரையில் உரசும். விமானம் எழாமலே போகலாம். பின்னால் நூற்று எண்பது பேர்.

கட்டுப்பாட்டு அறை புறப்பட அனுமதி கொடுத்துவிட்டது.

“சார், போகாதீங்க.”

“என்ன, பயமா?”

“சந்தேகம் சார்.”

“யார் மேல?” அவர் சிரிக்கவில்லை.

“என் மேல. எரிபொருள் இல்லாத எடையப் போட்டுட்டேன். நீங்க எந்த எடை போட்டீங்க?”

கண்ணாடித் துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது. அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். எடைக்கான கட்டம் காலியாக இருந்தது.

“மூணு நிமிஷம் வேணும்” என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்.

ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். இந்த முறை அவர் விரல் திரையில் தட்டும் சத்தம் கேட்டது. அவரே முதலில் வாசித்தார்.

“நூத்தி முப்பத்தாறு, நூத்தி நாப்பத்தி நாலு, நூத்தி நாப்பத்தெட்டு.”

“அதேதான் சார்.” சொல்லிவிட்டும் அவர் திரையை எட்டிப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. என்னுடையதை அவரும் பார்த்தார்.

ஓடுபாதையில் வேகம் ஏறியது. வேகங்களைச் சொல்வதும், மூக்கைத் தூக்கும் நேரத்தில் “ரொட்டேட்” என்று குரல் கொடுப்பதும் என் வேலை. நூற்று முப்பத்தொன்று கடந்து போனது. சக்கரங்கள் இன்னும் தரையை அழுத்திக்கொண்டு தடதடத்தன. அவர் கை அசையவில்லை.

நூற்று நாற்பத்து நாலில், “ரொட்டேட்” என்றேன். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகத்தான்.